கழுவாத மீனும் ஒட்டிய காந்தமும்

எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்கு இப்போது வெள்ளையடிக்கிறார்களாம். என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெனிட்டா என்ற பெண் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். உலைக்கு மேலே சுவரில் சிவப்புப் பெயிண்டில் 'கழுவியாச்சா?' என்று எழுதியிருக்கிறதே, அதை அழித்துவிடலாமா, இல்லை ஏதாவது முக்கியமான விதியா என்று கேட்டாள். எதைக் கழுவ வேண்டும் என்பது இப்போது அங்கே இருக்கும் ஒருவருக்கும் தெரியவில்லையாம். கையைக் கழுவச் சொல்வதாக நினைத்து, நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து எல்லோரும் ஒழுங்காகக் கை கழுவி வந்திருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

அழிக்கக் கூடாது என்றேன். ஏன் என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, இதை அப்படியே எழுதிக் கொடுங்கள், துறை மலரில் போடலாம், இரண்டு பக்கம் போதும் என்று சொல்லிவிட்டாள். இரண்டு பக்கத்தில் எனக்கு வணக்கம் சொல்லவே இடம் காணாது. ஆனாலும் பிள்ளை ஆசையாகக் கேட்கிறது, எழுதுகிறேன். பக்கம் கூடினால் பெனிட்டா பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் தங்கராஜ். ஊர் கொட்டாரம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் மோட்டாருக்குக் காயில் சுற்றினேன். பிறகு இந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, குடுவை கழுவி, குடுவை உடைத்து, திட்டு வாங்கி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு உலைக்குப் பொறுப்பாளன் ஆனேன். இதற்கு மேல் என் இளமைக் காலத்தில் சுவாரசியமாக ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றிரண்டை, இந்த மலர் வீட்டுக்கும் வரும் என்பதால் எழுதவில்லை.

உலை என்றதும் கொல்லன் பட்டறையை நினைக்க வேண்டாம். இது ஒரு பீங்கான் குழாய். குழாயைச் சுற்றி மின்கம்பிச் சுருள், அதற்கு வெளியே இரும்புப் பெட்டி. குழாயின் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு உள்ளே போகும், மறுபக்கம் புகை வெளியே வரும். உள்ளே எதை வைத்தாலும் காற்றுப் படாமல் சூடாவதால் எரிந்து சாம்பலாகாமல் கரியாகிவிடும். சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால், காற்றுப் பட்ட அந்த நொடியிலேயே கரி கண் முன்னால் சிவந்து சாம்பலாகிவிடும். அப்படி மற்றவர்கள் இழந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். என் உலையை எனக்குத் தெரியாமல் ஒருவர் தொட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. கோபக்காரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது சரியான பெயர்தான்.

இந்த உலையில் என்ன செய்தோம் என்றால், கழிவிலிருந்து காந்தம் செய்தோம். இப்படிச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். தேங்காயை உரித்த மட்டையான தொண்டு, வாழைத்தண்டு, பலாச்சக்கையின் தோல், இப்படி எதையாவது காயவைத்துப் பொடித்து, இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலையில் கரியாக்கினால், அந்தக் கரி காந்தத்தில் ஒட்டும். சாதாரணக் கரியே தண்ணீரில் உள்ள சாயத்தையும் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்த பிறகு அந்தக் கரியைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பது பெரிய பாடு. இந்தக் கரி என்றால் அந்தத் தொல்லை இல்லை. பாத்திரத்துக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் கரி முழுவதும் அந்தப் பக்கம் போய் ஒதுங்கிவிடும். தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துக்கொள்ளலாம். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைத் திறந்தபடி நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

இதற்கெல்லாம் தலைவர் பேராசிரியர் நீலகண்டன் சார். பூதப்பாண்டிப் பக்கம் வயலும் தோப்பும் உள்ள சைவக் குடும்பம். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஆய்வகத்துக்குள் அவர் உட்கார்ந்தும் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே எல்லாம் பார்ப்பார். நீங்கள் ஒரு நல்ல முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால் 'சரி' என்று சொல்ல மாட்டார், 'காரணம்?' என்று கேட்பார். காரணம் சொன்னால் 'வேற காரணம் இருக்கக் கூடாதா?' என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக என்னை 'வே' போட்டுப் பேசுகிறவர், 'தங்கராஜ் அவர்களே, நீங்கள் சற்று இங்கே வருகிறீர்களா' என்று கூப்பிட்டால் நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டுதான் போவேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒருநாள் மீன் கழிவில் ஆராய்ச்சி செய்வது என்று முடிவெடுத்தார்.

அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இரும்பு உப்புச் சேர்த்துக் காந்தக் கரி செய்வதை உலகத்தில் எல்லோரும் செய்தாகிவிட்டது, அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரும்பே சேர்க்காமல் செய்ய முடிந்தால்தான் விசேஷம். மீனின் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, தலையையும் குடலையும் செவுளையும் கரியாக்கினால் அந்த இரும்பே போதாதா என்பது அவருடைய எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவருடைய ஆராய்ச்சி மாணவி ஷைனிக்கு அதையே தலைப்பாகக் கொடுத்தார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். கழிவை ஒரு சொட்டுத் தண்ணீரில்கூடக் கழுவக் கூடாது, கழுவினால் இரத்தம் போய்விடும், இரத்தம் போனால் இரும்பு போய்விடும் என்றார்.

ஷைனிக்கு ஊர் குளச்சல். அப்பா சூசை சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் பட்டப்படிப்புத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். வாய் ஓயாது. சிரித்தால் அடுத்த அறையில் இயற்பியல்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் சிரிப்புக் குறைந்திருந்தது. தொண்டிலும் சக்கையிலும் ஏற்கெனவே வருஷங்கள் ஓடிப்போய், பல்கலைக்கழகம் கொடுத்த கடைசிக் கால நீட்டிப்பில் இருந்தாள். அதற்குள் சொல்லும்படியாக ஒன்று கிடைக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். அப்பாவோ துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிறவர்வரைக்கும் எல்லோரிடமும் மகள் டாக்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். அதில் பாதிப் பேர் ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்து, எப்போது ஆஸ்பத்திரி திறக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கழிவு கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு சின்ன மீன்சந்தை உண்டு. அங்கே வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கும் இடத்தில் மூடி போட்ட வாளியோடு போய் நிற்பேன். தலை, குடல், செதில் எல்லாம் வாளிக்குள் வரும். அதோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்து சீட்டும் காலியாகவே இருக்கும். ஒரு கண்டக்டர் வாளிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். இன்னொருவர் என்னையே இறங்கச் சொன்னார்.

நீலகண்டன் சார் 'மீன்' என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். 'சாம்பிள் வந்தாச்சா வே?' என்றுதான் கேட்பார். சாளை என்றால் சாம்பிள் ஒன்று, அயலை என்றால் சாம்பிள் இரண்டு. பிரதோஷத்தன்று சாம்பிளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வாளியிலிருந்து நான்கடி தள்ளி நின்று, எல்லாவற்றையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பார். கழிவை மொட்டை மாடியில் தட்டில் பரப்பிக் காயவைப்போம். காக்கைக்கும் பூனைக்கும் எனக்கும் அங்கே தினமும் யுத்தம். பெண்கள் விடுதிக் காப்பாளர் அம்மா நாற்றம் தாங்காமல் முதல்வரிடம் புகார் கொடுத்தார். கழுவிக் காயவைத்தால் நாற்றமாவது குறையும் என்று சாரிடம் சொல்லிப் பார்த்தேன். 'தங்கராஜ் அவர்களே' என்றார். நான் மாடிக்குப் போய்க் காக்கை விரட்டினேன்.

காய்ந்ததைப் பொடித்து, தோணி மாதிரி இருக்கும் ஒரு சின்னப் பீங்கான் பாத்திரத்தில் நிரப்பி, உலைக்குள் தள்ளி, வாயுவைத் திறந்து, சூடேற்றி, ஆறவைத்து, ஒரு காலையில் எடுத்தோம். ஷைனி கரியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். காந்தத்தைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தாள். கறுப்பாக ஒரு கூட்டம் மெல்ல நகர்ந்து வந்து காந்தத்துக்கு எதிரே கண்ணாடியில் அப்பிக்கொண்டது. எல்லாக் கரியும் வரவில்லை, ஆனால் நிறைய வந்தது. இரும்பு ஒரு துகள்கூட நாங்கள் சேர்க்கவில்லை. ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கும் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. பதவியை நினைத்து நின்றுகொண்டேன்.

சார் குதிக்கவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. வெவ்வேறு நாளில், வெவ்வேறு மீனில். எல்லாம் ஒட்டியது. சாம்பலின் அளவு மட்டும் கொஞ்சம் அதிகமாக வந்தது. அது முள்ளும் செதிலும் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் சாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முதல்வர் வந்து பார்த்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, சார் கரிக் குப்பியைக் கையில் பிடித்திருப்பது மாதிரி படம் எடுத்தார். படத்தில் சாரின் கை முழுதாக நீண்டிருக்கும், முகம் மறுபக்கம் திரும்பியிருக்கும். மறுநாள் செய்தி வந்தது. குளச்சலில் சூசை அந்தப் பக்கத்தை வெட்டி வள்ளத்தில் ஒட்டிக்கொண்டாராம். ஷைனி அதைச் சொல்லும்போது பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

கட்டுரை எழுதியாகிவிட்டது, அனுப்புவதுதான் பாக்கி. அப்போது சார், அனுப்புவதற்கு முன்னால் வேறு ஓர் இடத்துச் சாம்பிளில் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்றார். அவருக்கு அது ஒரு வியாதி. ஷைனி சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். எங்க ஊர் மீனில் செய்தால் இன்னும் நன்றாக ஒட்டும் என்று பெருமை வேறு. மறுநாள் குளச்சலிலிருந்து அப்பாவின் வள்ளத்தில் வந்த சாளையின் கழிவையே ஐஸில் வைத்துக் கொண்டுவந்தாள்.

ஒட்டவில்லை.

காந்தத்தை வைத்தோம், ஒன்றும் நகரவில்லை. பெரிய காந்தத்தை வைத்தோம், கரி அதன்பாட்டுக்குத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மீண்டும் கொண்டுவந்து செய்தோம். மீண்டும் ஒட்டவில்லை. அந்த வாரம் ஆய்வகத்தில் பேசப்பட்ட காரணங்களை எழுதினால் தனி மலர் போடலாம். ஐஸ் உருகி இரத்தத்தை இழுத்துவிட்டது என்றார் ஒருவர். குளச்சல் மீனுக்கு இரத்தசோகை என்றார் இன்னொருவர். உலைக்கு வயதாகிவிட்டது என்று ஒரு முதுகலை மாணவன் சொன்னான். அவனோடு நான் அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை. சார் மட்டும் உலையின் சூடு, வாயு, காந்தம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கழிவுக்கும் உள்ள வித்தியாசம் உலைக்குள் இல்லை, வெளியேதான் இருக்கிறது, போய்க் கண்ணால் பார்த்து வாருங்கள் என்று எங்கள் இருவரையும் சந்தைக்கு அனுப்பினார்.

ஷைனி அதுவரை வாழ்க்கையில் மீன் வாங்கியதே இல்லை. அவள் வீட்டுக்கு மீன் வள்ளத்திலிருந்து நேராக வரும். நானும் வாங்கியதில்லை. என் வீட்டில் மீன் எனக்கு முன்னால் குழம்பாகத்தான் வரும். மனைவி ஞானம் வாங்கி, வெட்டி, கழுவி வைப்பாள். நான் குறை சொல்வேன். இது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. வாளியோடு சந்தைக்குப் போன நாட்களிலும் நான் வெட்டுகிற இடத்தின் பின்பக்கம்தான் நிற்பேன், விற்கிற பக்கம் போனதில்லை.

அன்றைக்கு முன்பக்கமாகப் போனோம். ஒரு அக்கா பெட்டியிலிருந்து சாளையை எடுத்துப் பலகையில் கூறு வைத்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்ததும், பக்கத்தில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கை மணலை அள்ளி, கோலப்பொடி தூவுகிற மாதிரி மீன்மேல் தூவினார். கடற்கரை மணல். ஷைனி அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது எங்க ஊரு மீனுதானே? அங்க ஏலத்துல எடுக்கும்போ மண்ணு கெடையாதே. நீங்க எதுக்குப் போடுகீங்க?"

அந்த அக்கா இவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மீனு வாங்கினதே இல்லியா மக்கா? மண்ணு இல்லன்னா ஐஸ் மீனுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. மண்ணு கெடந்தாத்தான் கரமடி மீனுன்னு நம்பி வாங்குகாங்க. வீட்ல போயி நாலு தண்ணியில கழுவத்தானே போறாங்க, என்ன கொறஞ்சு போச்சு?"

கரமடி என்பது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. அதில் வரும் மீன் மணலில் புரண்டு வரும், அன்றைக்குப் பிடித்த மீன். அந்த மணல்தான் ஊருக்குள் புத்தம்புது மீனுக்கு முத்திரை. இங்கே மீன் வாங்கிக் கழுவுகிற எல்லோருக்கும் இது தெரியும். அதோடு இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடற்கரை மணலில் பாதி கறுப்பு. இரும்புத் தாது கலந்த மணல். பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து, கடற்கரையில் அந்த மணலை ஒட்டவைத்து விளையாடாத பிள்ளை இந்தப் பக்கத்தில் உண்டா?

ஷைனி பையிலிருந்து காந்தத்தை எடுத்தாள். மீன்மேல் கிடந்த மணலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கறுப்பு மணல் துள்ளி வந்து காந்தத்தில் மீசை மாதிரி நின்றது. அந்த அக்கா, பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் கண்ணால் கேட்டார்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சந்தைக்கு நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் தொற்றிக்கொண்டது. மீனின் இரத்தமாம், இரும்பாம், படம் எல்லாம் பேப்பரில் வந்ததாம். சந்தைக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு நின்று அழுகை வந்தது. கடைசி நீட்டிப்பு அது. கையில் இருந்த ஒரே முடிவு மண்ணாகப் போயிற்று. அந்தக் காந்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து அழுதாள். மணல் போகவே இல்லை.

குளச்சல் சாம்பிளைக் கொண்டுவராமலே இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது, இப்போதும் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் தெரியாது என்று என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"சாருக்கு இது ஆயுசுக்கும் தெரியாது அண்ணாச்சி. அவரு மீனு வாங்கப் போறதில்ல" என்றாள். டீ டம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தாள். "ஆனா நான் வாங்குவேன்லா. ஒவ்வொரு தடவ மீனு கழுவும்போதும் எனக்கு ஓர்ம வருமே."

டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, திரும்பிச் சந்தைக்குள் போய் அந்த அக்காவிடம் ஒரு பொட்டலம் மணல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாரின் மேசையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, காந்தத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டியது. இது எங்கே இருந்தது என்று கேட்டார். சாம்பிள்மேல் என்றாள். சாம்பிள்மேல் மணல் எதற்கு என்று கேட்டார். கரமடியிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னாள். அவர் காந்தத்தை எடுத்து மணலில் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவரே கிளம்பிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வகத்தில், அலுவலகத்தில், நூலகத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். கேட்டது ஒரே கேள்வி.

"மீன்ல மண்ணு இருக்கும்னு உமக்குத் தெரியுமா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஆமா சார், கழுவினாப் போயிரும். வாட்ச்மேன் சொன்னார், நூலகர் சொன்னார், முதல்வரும் சொன்னார். இதையெல்லாம் போய் ஏன் கேட்கிறார் என்ற பாவனையில் சொன்னார்கள். விடுதிக் காப்பாளர் அம்மா மட்டும் கூடுதலாக, நாலு தண்ணீர் போதாது, கல்லுப்புப் போட்டு ஐந்தாவது தண்ணீரும் வேண்டும் என்று செய்முறை சொல்லிக் கொடுத்தார். அதை சார் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் ஞானத்திடம் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். "மண்ணு பெரட்டின மீன கழுவாமலா சூளையில வச்சீங்க? அதுவும் இத்தன படிச்சவங்க சேந்து?" என்றாள். அன்று குழம்பில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

இது எல்லாம் சிரிக்கிற பகுதி. சிரிக்க முடியாத பகுதி ஆய்வுக்குழுக் கூட்டம். வெளியிலிருந்து வந்த உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நீட்டிப்புக்கு மேலும் விதிவிலக்காக ஒன்று கொடுக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தகுந்த காரணம் வேண்டும். படம் போடுகிற கருவியை இயக்க நான் ஓரமாக நின்றேன். ஷைனி எழுந்து, சந்தை மீனில் செய்த கரி, குளச்சல் மீனில் செய்த கரி, ஒரு பிடி மணல் மூன்றையும் மேசையில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே, ஆக இத்தனை வருஷ ஆராய்ச்சியின் முடிவு மீனைக் கழுவ வேண்டும் என்பதுதானா அம்மா என்று கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதரின் நாற்காலியை உருவிவிட எனக்குக் கை பரபரத்தது.

நீலகண்டன் சார் எழுந்தார். எழுந்தார் என்று பழக்கத்தில் எழுதுகிறேன், அவர் எப்போதும்போல் நின்றுகொண்டுதான் இருந்தார். ஓரடி முன்னால் வந்தார்.

"கழுவாதேன்னு சொன்னவன் நான். எனக்கு மீனப் பத்தி ஒண்ணுமே தெரியாது. தெரியாதுங்குறதும் எனக்குத் தெரியல. சொன்னத நம்பிக் கேட்டவ இந்தப் பிள்ள. தப்புன்னு கண்டுபிடிச்சவளும் இவதான், வந்து எங்கிட்ட சொன்னவளும் இவதான். எனக்குத் தண்டன குடுங்க. அவளுக்கு நேரம் குடுங்க."

சிரிப்பு நின்றது. சிரித்த உறுப்பினரே முதலில் தலையை ஆட்டினார். நேரம் கொடுத்தார்கள். சார் அன்று மாலையே பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, அது மீன் இல்லை, மண் என்று போடச் சொன்னார். அதில் செய்தி எதுவும் இல்லையே சார் என்று அவர் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது நல்ல, அலுப்பான வேலை. கழிவை ஐந்து தண்ணீரில் கழுவினோம். உலைக்கு மேலே 'கழுவியாச்சா?' என்று நான்தான் எழுதினேன். கேள்விக்குறி கோணலாக இருப்பதற்குக் காரணம் ஸ்டூல் ஆடியது. இரத்தத்தின் இரும்பை நம்பாமல், எல்லோரையும் போல இரும்பு உப்பைச் சேர்த்தோம். கழுவிய மீன் கழிவும் அதுவும் சேர்ந்து வந்த கரி எண்ணெயை நன்றாகவே பிடித்தது. உலகத்தைப் புரட்டுகிற கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் எங்கிருந்து மீன் கொண்டுவந்தாலும் ஒட்டியது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. ஆய்வகத்தை ஒட்டிய வகுப்பறையில் நடந்தது. தேர்வாளர் மதுரைப் பக்கத்துப் பேராசிரியர், முகத்தில் சிரிப்பே காட்டாத மனிதர். இந்தத் தேர்வு பொதுவில் நடக்கும், கூட்டத்தில் இருக்கும் எவரும் கேள்வி கேட்கலாம். சும்மா சம்பிரதாயத்துக்கு, யாராவது கேட்கிறீர்களா என்று தேர்வாளர் கேட்டபோது, கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த சூசை எழுந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஒரு சின்னக் கேன். காலையிலிருந்து டீசல் நாறுகிறதே என்று நான் வாயுச் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி மோந்துகொண்டிருந்தேன், அவருடைய நாற்காலிக்கு அடியில் இருந்திருக்கிறது.

வள்ளத்தின் அடியில் தேங்குகிற தண்ணீர் இது, டீசலும் ஆயிலும் கிடக்கிறது, கடலில்தான் கொட்டுகிறோம், பிள்ளையின் பொடி இதைச் சுத்தமாக்குமா என்று கேட்டார். ஷைனியின் முகம் வெளுத்துப்போயிற்று. அதுவரை அவள் சுத்தமாக்கியது எல்லாம் ஆய்வகத்தில் நாங்களே அளந்து கலக்கிய தண்ணீர். அவள் சாரைப் பார்த்தாள். தேர்வாளர், செய்து காட்டுங்கள் என்றார்.

கண்ணாடிக் குவளையில் ஊற்றினாள். மேலே வானவில் நிறத்தில் எண்ணெய் மிதந்தது. பொடியைப் போட்டாள், கலக்கினாள், காத்திருந்தாள். காந்தத்தை வைத்தாள். கறுப்பு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கியது. தண்ணீர் தெளிந்து நின்றது. மாணவர்கள் கை தட்டினார்கள். தேர்வாளர் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கேட்டவரிடமே கொடுக்கச் சொன்னார்.

சூசை அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, மறுபடி முகர்ந்தார். பாவம், மகளுக்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நல்லா போயிருக்கு மக்கா. ஆனா முழுசாப் போகல. கொஞ்சம் இருக்கு" என்றார்.

கை தட்டல் நின்றுவிட்டது. எனக்கு அந்த ஆளை அங்கேயே பிடித்து உட்காரவைத்துவிடலாம் போல இருந்தது. ஷைனி இறங்கி வந்து, அப்பாவின் கையைப் பிடித்து, அந்த உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

"ஆமாப்பா, இருக்கு. டீசல்ல கொஞ்சம் தண்ணியில கரஞ்சு போயிரும். அத இந்தப் பொடி முழுசாப் பிடிக்காது. இன்னும் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டத் தொடங்கினார். சூசை மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கையைச் சட்டையில் படாமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"போயிட்டுன்னு சொல்லியிருக்கணுமோ அண்ணாச்சி? நான் பிள்ளைக்குக் கெடுத்திட்டனா?" என்று என் காதில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் தேர்வாளர் தேடிய பக்கம் கிடைத்துவிட்டது. அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "கரைந்த எண்ணெயை இது முழுதாகப் பிடிக்காது என்றுதான் அம்மா இங்கேயும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறு கேள்வி இல்லை. உட்காருங்கள், டாக்டர் ஷைனி" என்றார்.

கூட்டம் எழுந்து தட்டியது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று சூசை என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் அந்த டீசல் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.